பக்கபலமாக இறந்தாள்

இந்தப் பத்து விரலால நான் கொன்ன பொம்பளைங்களைக் கணக்கெடுத்தா என்னை எத்தனை தடவை தூக்குல போட்டாலும் பத்தாது. தொழில் அப்படி. அச்சகத்துல டைப் அடிக்கிறவ நான். யார் என்ன எழுதிக் கொண்டுவந்தாலும் எழுத்து மாறாம கம்ப்யூட்டர்ல ஏத்தணும். கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு மலர், நடுநடுவுல நாவல். நாவல் வந்தா எனக்குக் கொண்டாட்டம். கதாநாயகனுக்கு ஒரு பொண்டாட்டியோ தங்கச்சியோ இருப்பா. நல்லவளா இருப்பா. அதுலயே எனக்குச் சந்தேகம் வந்துரும். அறுபதாவது பக்கத்துல லேசா இருமுவா. உடனே நான் திரும்பி, "புரூஃப் சார், இவ தேற மாட்டா"ம்பேன்.

புரூஃப் சார்ங்கிறது எங்க அச்சகத்துல பிழை திருத்துறவர். காதுல சிவப்புப் பேனா, மூக்கு நுனியில கண்ணாடி, எதிர் மேஜை. "எந்தப் பக்கத்துல போவா?"ன்னு கேப்பாரு. "எண்பதுக்குள்ள." "பந்தயம்?" "ஒரு டீ." இருபது வருஷமா நான் ஓசி டீதான் குடிக்கிறேன்.

"ஏன் சார், அவ செத்தாத்தான் இவன் குடியை விடுவானா? உயிரோட இருக்கும்போது விடுடான்னு சொன்னா விட மாட்டானா?"

"விட்டுட்டா கதை அங்கேயே முடிஞ்சிருமேம்மா. மீதி நூறு பக்கத்துக்கு எழுதினவரு என்ன பண்ணுவாரு பாவம்."

சிரிப்போம். சிரிக்கிற விஷயமாத்தான் இருந்துச்சு, எங்க மாமா தன்னோட புத்தகத்தை எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில வைக்கிற வரைக்கும். மாமான்னா என் அக்கா புருஷன். அக்கா போய் பத்து வருஷம் ஆச்சு.

முதல்ல அக்காவைச் சொல்லிடறேன். இல்லன்னா அவளும் அறுபதாவது பக்கத்துல இருமினவளா ஆயிடுவா.

அக்கா டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்கொடுத்தவ. காலையில ஆறரைக்கு வண்டியில ஏறினா சாயங்காலம் வரைக்கும் பக்கத்து சீட்டுதான் அவளுக்கு ஆபீஸ். அந்த வண்டியில அவ காலுக்கடியிலயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். கால் பிரேக்குல, கை வேர்க்கடலைப் பொட்டலத்துல, வாயைப் பத்திக் கேக்கவே வேணாம். "கண்ணாடியைப் பாருன்னா உன் மூஞ்சியைப் பார்க்கச் சொல்லல! பின்னாடி லாரிக்காரன் என்ன பண்றான்னு பார்க்கச் சொன்னேன்!" ஒரு பேங்க் மேனேஜர், அம்பது வயசு ஆளு, அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு நடுரோட்டுல வண்டியை நிறுத்தி அழுதிருக்காரு. இவ கடலையை நீட்டி, "சாப்பிடுங்க சார். அழுதுட்டே கியர் மாத்தக் கூடாது"ன்னாளாம். மறுநாள் அதே நேரத்துக்கு அவரு வந்து நின்னாரு. அவகிட்ட கத்துக்கிட்டா டெஸ்ட்டுல தவற மாட்டோம்னு ஊருக்கே தெரியும்.

தவறினது ஒரே ஒருத்தர். மூணு தடவை தவறினார். அவரைத்தான் கட்டிக்கிட்டா.

மாமாவுக்கு அவ வெச்ச பேரு நியூட்ரல். "வண்டி ஸ்டார்ட்டுல இருக்கும், சத்தம் வரும், புகை வரும், ஒரு அடி நகராது"ம்பா. அவரு அப்ப அப்படித்தான். இன்னிக்கு போட்டோ கடை வைக்கப் போறேம்பாரு, அடுத்த மாசம் மீன் தொட்டி விக்கப் போறேம்பாரு, அதுக்கடுத்த மாசம் கட்டில்ல படுத்துட்டு மேல ஃபேனைப் பார்ப்பாரு. "யோவ் நியூட்ரல், எந்திரிய்யா, ஃபேன் எங்கயும் ஓடிப் போகாது"ன்னு இவ வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே கத்துவா. அவரும் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு டீ போடுவாரு. டீ அவருதான் போடுவாரு. அக்கா போட்ட டீயை ஒரு தடவை குடிச்சவங்க மறு தடவை தண்ணியே போதும்னுருவாங்க. ரெண்டு பேருக்கும் ஆசைக்குக் குறைவில்ல. அதை நான் மறைக்க மாட்டேன்.

என்கிட்ட எப்படி இருந்தான்னா, பாதகத்தி மாதிரி இருந்தா. என் நல்ல சட்டையெல்லாம் போட்டு அகலமாக்கிக் கொடுப்பா. சீட்டு விளையாடினா தொடைக்கடியில ஒரு சீட்டை ஒளிச்சு வெப்பா. கையும் களவுமா பிடிச்சா, "நான் பெரியவடி, எனக்கு ரூல்ஸ் கிடையாது"ம்பா. ஒரு குடையை யார் தொலைச்சதுங்கிற சண்டையில நாலு மாசம் என்னோட பேசல. ஒரே தெருவுல எதிரெதிர் வீடு. நான் வாசலுக்கு வந்தா டப்புனு ஜன்னலைச் சாத்துவா. அந்த நாலு மாசம் இப்ப எனக்கு வேணும். யார்கிட்ட போய்க் கேக்கிறது?

அவளுக்கு ஒரு ஆசை இருந்துச்சு. கத்துக்கொடுக்கிறவ எப்பவும் பக்கத்து சீட்டுலதானே? சொந்தமா வண்டியும் கிடையாது. "பக்கத்து சீட்டுலயே என் காலம் போகுதுடி. ஒரு நாள் நான் ஸ்டியரிங் பிடிக்கணும். பக்கத்துல ஒருத்தன் இருக்கக் கூடாது. ரோடு முடியிற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கணும்."

"ரோடு முடிஞ்சா?"

"திரும்பி வரணும். சாப்பிட வேணாமா?"

அவ்வளவுதான் ஆசை. முப்பத்தெட்டு வயசுல, ஒரு செவ்வாய்க்கிழமை பகல்ல, பாடம் நடத்திக்கிட்டிருந்தவ தலை வலிக்குதுன்னா. ஓட்டப் படிக்க வந்த பொண்ணு பயந்துபோய் எனக்கு போன் பண்ணுச்சு. மூளையில ரத்தம் கட்டிக்கிச்சுன்னு பிறகு சொன்னாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். மாமா அன்னிக்கு மீன் தொட்டிக்குக் கண்ணாடி பார்க்க வெளியூரு போயிருந்தாரு. உள்ள படுக்க வெச்சதும் அக்கா கண்ணைத் திறந்து, "செருப்பை வாசல்ல விட்டுட்டேன். எடுத்து வைடி, புதுசு"ன்னா. எடுக்கப் போனேன். எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள திரையை இழுத்து விட்டிருந்தாங்க. கடைசியா அவ பேசினது செருப்பைப் பத்தித்தான். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. அவ பேச்சு அது. அச்சு அசலா அவ பேச்சு.

இப்ப மாமாவுக்கு வர்றேன். மனுஷன் மூணு மாசம் அந்த ஃபேனையே பார்த்தாரு. நாலாவது மாசம் எந்திரிச்சாரு. எந்திரிச்சவரு உட்காரவேயில்ல. அட்டைப்பெட்டி செய்யிற ஒரு சின்ன ஷெட்டை எடுத்தாரு, இன்னிக்கு அங்க நாப்பது பேரு வேலை பார்க்கிறாங்க. நாலு வயசுப் பொண்ணைத் தனியாளா வளர்த்தாரு, தலை பின்னக்கூடக் கத்துக்கிட்டாரு. கெட்டவர் இல்ல. அவரு மாறினது பொய்யும் இல்ல. எனக்கு ஆத்திரமே அதுதான். இதையெல்லாம் அவ இருக்கும்போது செஞ்சிருக்கலாமில்ல? ஒரே ஒரு வருஷம் முன்னாடி எந்திரிச்சிருக்கலாமில்ல? பார்த்துட்டுப் போயிருப்பாளே. வாயில கடலையைப் போட்டுக்கிட்டு, "பரவாயில்லையே, கியர் விழுந்துருச்சே"ன்னு சொல்லிட்டாவது போயிருப்பாளே.

ஆளு மேல வந்ததும் பேசக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடம், வியாபாரிங்க கூட்டம், கம்பெனி விழா. ஒரு தடவை நானும் போய் முன் வரிசையில சின்னதுகூட உட்கார்ந்தேன். அக்கா பொண்ணை நான் சின்னதுன்னுதான் கூப்பிடுவேன். மேடையில மாமா விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாரு. "அவள் இறந்தாள்"ன்னாரு. நிறுத்தினாரு. "நான் எழுந்தேன்"ன்னாரு. கூட்டம் முழுக்க எழுந்து கை தட்டுச்சு. எங்க வீட்டுல யாரும் இறந்ததில்ல, செத்துத்தான் போயிருக்காங்க. எனக்கு அந்த வார்த்தையே ஒட்டல. கை தட்டுற சத்தத்துல என் அக்கா எங்கயோ கூட்டத்துக்கு நடுவுல காணாமப் போன மாதிரி இருந்துச்சு.

அந்தப் பேச்சுதான் புத்தகமாச்சு. டைப் அடிக்க என்கிட்டயே வந்துச்சு. "வெளியாள்கிட்ட கொடுக்க மனசு வரல. நீ அடிச்சா அவளே அடிச்ச மாதிரி"ன்னாரு. அவளுக்கு டைப் அடிக்கவே தெரியாதேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

அடிக்க அடிக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இருநூறு பக்கத்துல அக்கா வர்றது நாலஞ்சு எடம். ஒரு எடத்துல புன்னகையோட டீ கொண்டு வர்றா. என்ன தைரியம்! ஒரு எடத்துல அவரு தோத்துட்டு வரும்போது கண்ணீரை முந்தானையில ஒத்திக்கிட்டு நிக்கிறா. அதட்டல் இல்ல, கடலை இல்ல, நியூட்ரல் இல்ல. வாயில்லாப் பூச்சி. அப்புறம் ஆஸ்பத்திரி. "என் கைகளைப் பற்றிக்கொண்டு, ‘நீங்கள் ஜெயிக்க வேண்டும்’ என்றாள். அவள் இறந்தாள். நான் எழுந்தேன்." இந்தக் கடைசி ரெண்டு வரியையும் மூணு அத்தியாயத்து முடிவுல திருப்பித் திருப்பிப் போட்டிருந்தாரு.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு சின்னது அச்சகத்துக்கு வந்துச்சு. பதினாலு வயசு. என் பின்னாடி நின்னு திரையைப் படிச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"சித்தி, அம்மா ரொம்ப சாந்தமாமே?"

"யாரு, உங்கம்மாவா?"

"அப்பா அப்படித்தானே எழுதியிருக்காரு. எங்க டீச்சர்கூடச் சொன்னாங்க, உன் அம்மா தெய்வம் மாதிரின்னு." திரையில அந்த வரியை விரலால தொட்டுச்சு. "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சித்தி. ஒரு சத்தம்கூட இல்ல. நான் சாந்தமாவே இல்ல, அதான் யோசிச்சேன், அம்மா இருந்திருந்தா என்னைப் பிடிச்சிருக்குமான்னு."

 தினம் எதிர் வீட்டுல வளர்ற பொண்ணு, அவ அம்மாவைப் பத்தி நான் என்னத்தைச் சொல்லியிருக்கேன்? வாயைத் திறந்தா அழுதுருவேன்னு பத்து வருஷமா ஒண்ணும் சொல்லல. அந்த எடத்தைப் புத்தகம் பிடிச்சுக்கிச்சு. இது அச்சாகிட்டா அந்தப் பொண்ணுக்கு இதுதான் அம்மா. வேற அம்மா கிடையாது.

அன்னிக்கே மாமாகிட்ட போனேன். "மாமா, ஒரு அத்தியாயம் சேருங்க. அவ எப்படி இருந்தான்னு எழுதுங்க. கார் ஓட்டக் கத்துக்கொடுத்தது, திட்டினது, தனியா ரோடு முடியிற வரைக்கும் போகணும்னு சொல்லுவாளே, அது."

"அப்படியா சொன்னா?"

"உங்ககிட்ட சொன்னதில்லையா?"

அவரு முகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம், "இல்லம்மா, அதெல்லாம் சேர்த்தா கதை வேற பக்கம் போயிரும். படிக்கிறவனுக்கு அவன் எப்படி எந்திரிக்கிறதுன்னுதான் வேணும்"ன்னாரு. "உனக்குப் புரியுதில்ல? அவ இருந்திருந்தா நான் இன்னிக்கு இப்படி ஆகியிருக்க மாட்டேன்."

அவரு நன்றியாத்தான் சொன்னாரு. எனக்கு அவரைப் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. அப்படின்னா அவ போனது நல்லதாப் போச்சா? கேக்கல. வந்துட்டேன்.

அந்தக் கோவத்தோடதான் மீதியை அடிச்சேன். அடிச்சு முடிச்சு புரூஃப் சார்கிட்ட கொடுத்தா, மூணு எடத்துல சிவப்பு வட்டம். மூணு தடவையும் "அவள் இறந்தாள்" வர்ற எடத்துல, நான் "அவள் இருந்தாள்"னு அடிச்சிருக்கேன். சத்தியமா வேணும்னு பண்ணல. கண்ணு ‘ற’வைப் பார்த்திருக்கு, விரல் ‘ரு’வை அடிச்சிருக்கு.

"என்னம்மா, ஒரு எழுத்துல ஆளையே எழுப்பிட்டே"ன்னாரு புரூஃப் சார்.

மனுஷன் தமாஷாத்தான் சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எழுப்பினவளை நானே மறுபடி மூணு தடவை கொல்லணுமா? தனித்தனியா தேடிப் போய்க் கொல்ல எனக்குத் தெம்பில்ல. கம்ப்யூட்டரையே செய்யச் சொல்லிடலாம்னு, "இருந்தாள்" வர்ற எடத்துல எல்லாம் "இறந்தாள்"னு மாத்துன்னு ஒரே அமுக்கா அமுக்கிட்டேன். எங்க தொழில்ல புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே சொல்லுவோம், மொத்தமா மாத்தாதே, ஒவ்வொண்ணாப் பாருன்னு. நான்தான் சொல்லுவேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஒரு பிரதி எடுத்து, படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி மாமா வீட்டுல கொடுத்துட்டு வந்துட்டேன். இன்னொரு பிரதி புரூஃப் சாருக்கு.

மறுநாள் காலையில அவரு முதல் பக்கத்தைப் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மறுபடி படிச்சாரு.

"ஏம்மா, இவரோட அம்மா எப்ப போனாங்க?"

"போகலையே. நல்லா இருக்காங்க. நேத்துகூடக் கடையில பார்த்தேன்."

"‘என் அம்மா எப்போதும் அடுப்படியில்தான் இறந்தாள்’னு இருக்கே."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐயோ! தலையில அடிச்சுக்கிட்டேன். உட்கார்ந்திருந்தாள், நின்றிருந்தாள்னு ஒட்டிக்கிட்டு இருந்தவங்க தப்பிச்சிட்டாங்க. தனியா, சும்மா, இருந்தவங்க அத்தனை பேரும் காலி. "ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒரு பெண் இறந்தாள். பெயர் நினைவில்லை." "பக்கத்து வீட்டுப் பெண் எந்நேரமும் ஜன்னலோரம் இறந்தாள்." "திருமண நாளில் என் மனைவி நீல உடையில் மிக அழகாக இறந்தாள்." புரூஃப் சார் ஒவ்வொண்ணாப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறோம், முதலாளி உள்ள இருந்து எட்டிப் பார்க்கிறாரு. கடைசியா அவரு இந்த வரியைப் படிச்சாரு: "என் எல்லாத் தோல்விகளிலும் அவள் எனக்குப் பக்கபலமாக இறந்தாள்."

அதுல என் சிரிப்பு நின்னு போச்சு.

"சார், இது தப்பா?"

அவரு பேனாவை எடுத்தாரு, வெச்சாரு. "இலக்கணப்படி தப்பில்லம்மா"ன்னாரு மெதுவா.

அத்தனை பொம்பளைங்க செத்தும் கதையில ஒண்ணும் கெடல. மாமா அப்படியேதான் தோத்தாரு, அப்படியேதான் எந்திரிச்சாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல. நாவல்ல வர்றவளுக்குப் பந்தயம் கட்டி டீ குடிச்சவதானே நான்? ஒருத்தியாவது எனக்குக் கூடப் பொறந்தவளா இருந்திருப்பாளோன்னு நெனச்சதே இல்ல. ஓரமா போய் அழுதேன்.

மாமாவுக்கு போன் போட்டுத் தப்பைச் சொல்லலாம்னு நிமிர்ந்தா, மாமாவே கார்ல வந்து இறங்கறாரு. பின்னாடியே சின்னது, கையில அந்தப் பிரதி.

சின்னதுதான் முதல்ல வாயைத் திறந்துச்சு. "சித்தி, இதுல நானும் செத்துட்டேன்." சிரிச்சுக்கிட்டே பக்கத்தைக் காட்டுச்சு. "அப்போது என் மகள் நான்கு வயதுக் குழந்தையாக இறந்தாள்." அந்தச் சிரிப்பு அவ அம்மா சிரிப்புன்னு சொல்ல எனக்கு ஆசைதான். இல்ல, அப்பன் சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு. 

"மாமா, மன்னிச்சிருங்க, மொத்தமா மாத்தும்போது..."

"இரு." மாமா கண்ணு சிவந்திருந்துச்சு. "நான் முழுக்கப் படிச்சேன். முதல்ல உன் மேல கோவம் வந்துச்சு. அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன். இந்தப் புத்தகத்துல அவ இருந்தது அஞ்சே எடம். அவ்வளவுதான் எழுதியிருக்கேன். எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்துச்சு. வந்துட்டாருய்யா மனுஷன்னு நெனச்சேன்.

"அதனால கடைசியா ஒரு அத்தியாயம் சேர்க்கப் போறேன். இந்தத் தப்பைப் பத்தி. ஒரு எழுத்து என் கண்ணைத் திறந்ததுன்னு. சரியான முடிவா இருக்கும். படிக்கிறவன் அழுதுருவான்."

எனக்கு அப்ப வந்த கோவம் இருக்கே!

"மாமா, போதும்."

"என்னம்மா?"

"போதும்னேன். ஒரு தடவை செத்து உங்களை எழுப்பி விட்டா. இப்ப இன்னொரு தடவை செத்து உங்க கண்ணைத் திறக்கணுமா? அவளுக்கு வேற வேலையே இல்லையா? அவ உங்களுக்குப் பாடம் நடத்தினது காருக்கு மட்டும்தான். அதுலயே மூணு தடவை தவறினீங்க. உங்களை நியூட்ரல்னு கூப்பிட்டவ அவ. கையைப் பிடிச்சு ஜெயிக்கணும்னு சொன்னாளாம்! நீங்க அங்க இருந்தீங்களா? நான் இருந்தேன். செருப்பை எடுத்து வைன்னு சொன்னா. புதுச் செருப்பு. அடுத்த நாளும் போட்டுக்கிட்டு நடக்கணும்னு நெனச்சவ அவ. உங்களை எழுப்பணும்னு அவ சாகல மாமா. அவ சும்மா செத்துட்டா. அவளுக்குச் சாக இஷ்டமே இல்ல."

முதலாளி, புரூஃப் சார், மிஷின்காரர், எல்லாரும் பார்க்கிறாங்க. எனக்கு எதுவும் தெரியல.  மாமா தன் உள்ளங்கையைப் பார்த்தாரு. "நியூட்ரல்"னு ஒரு தடவை வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டாரு. அப்புறம், "நான் வண்டியில இருக்கேன்"னு வெளிய போய்ட்டாரு.

புத்தகம் என்ன ஆச்சுன்னு இங்கேயே சொல்லிடறேன். வந்துச்சு. அந்தக் கடைசி அத்தியாயம் இல்லாம, மத்தபடி அவரு எழுதின மாதிரியே. நான்தான் ஒவ்வொண்ணா உட்கார்ந்து மாத்தினேன், இருக்க வேண்டியவங்களை இருக்க வெச்சேன், அக்காவை மூணு எடத்துலயும் என் கையாலயே அடிச்சேன். வேலைன்னா வேலை. விழாவுல அழுதாங்க, கை தட்டினாங்க. மாமா மேடையில அந்த ரெண்டு வரிக்கு நடுவுல இப்பல்லாம் ரொம்ப நேரம் நிறுத்தறாராம். எதுக்குன்னு எனக்குத் தெரியாது.

ஆனா அன்னிக்கு அவரு வண்டிக்குப் போனதும், சின்னது என் மேஜை ஓரத்துலயே நின்னுச்சு. பிரதியைச் சுருட்டிச் சுருட்டி வெச்சுக்கிட்டிருந்துச்சு.

"அம்மா திட்டுவாங்களா சித்தி?"

"திட்டுவாளாவா? தெருவே கேக்கும்."

"உங்களை?"

"என்னை, உங்கப்பனை, போஸ்ட்மேனை. உன்னையுந்தான். சோத்துக்கு நேரமாச்சுன்னு ரெண்டு வயசுல அழுவே. ‘எனக்கு மட்டும் பசிக்கலையாடி’ன்னு உன்கூடச் சரிக்குச் சரி நிப்பா."

"என்னையா?" அது முகம் அப்படியே மலர்ந்துச்சு. இத்தனை வருஷத்துல அந்த முகத்தை நான் பார்த்ததில்ல. தெய்வம்னு சொன்னப்பகூட இப்படி ஆகல. "என்னைத் திட்டினாங்களா? என்னன்னு?"

"அது... நெறைய."

"சொல்லுங்க. அம்மா மாதிரியே. இப்ப என்னைத் திட்டுங்க."

"போடி, இதென்ன விளையாட்டு."

"சித்தி, ப்ளீஸ். ஒரே தடவை."

எனக்கு வராதுன்னுதான் நெனச்சேன். பத்து வருஷமா அந்தக் குரலை நான் தொடவே இல்ல. தொண்டையைச் செருமினேன். அக்கா எப்படி இடுப்புல கை வெச்சு, தலையைச் சாய்ச்சு, ஒரு மூச்சு இழுப்பான்னு நெனச்சுப் பார்த்தேன்.

"ஏய்! எத்தனை தடவைடி சொல்றது, நிக்கிறதுன்னா நேரா நில்லு, வளைஞ்ச ஆணி மாதிரி நிக்காதே! அந்தக் காகிதம் உன்னை என்னடி பண்ணுச்சு, அந்தக் கசக்குக் கசக்கறே? தலையைப் பாரு, காக்கா கூடுகட்ட எடம் பார்த்துட்டுப் போகும். பசிச்சா பசிக்குதுன்னு சொல்லணும், எதிர்ல நின்னு முழிச்சா எனக்கு என்ன தெரியும், நான் என்ன ஜோசியக்காரியா? பெத்தேன் பாரு ஒண்ணு! இங்க வா. கிட்ட வா கழுதை, கடிச்சாத் திங்கப் போறேன்?"

அவளேதான். என் வாயில இருந்து அவ வந்தா. கடைசி வார்த்தையை அப்படி இழுத்து மேல தூக்குவா, அதுகூட வந்துச்சு. புரூஃப் சார் பேனாவைக் கீழ போட்டுட்டாரு, அவருக்கு அக்காவைத் தெரியும். எனக்கு மேற்கொண்டு வரல. அக்கா, அக்கான்னு உள்ள கிடந்து அடிச்சுக்குது, வாயைத் திறந்தா போயிருவாளோன்னு பயமா இருக்கு.

சின்னது கிட்ட வந்து நின்னுச்சு. கண்ணெல்லாம் தண்ணி, கன்னமெல்லாம் சிரிப்பு. என் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்துச்சு.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்கம்மா"ன்னுச்சு.